இன்னிக்கு ஏரியில எத்தனை அடி?

காலையில் பேப்பர் வந்ததும் எல்லோரும் முதலில் எதைப் பார்ப்பார்கள்? சிலருக்கு ராசிபலன். சிலருக்கு சினிமா. ஷேரில் பணம் போட்டவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து பெருமூச்சு விடுவார்கள். நான் தேடுவது ஏதாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும் ஒரு சின்னக் கட்டம். ‘ஏரிகளின் நீர்மட்டம்’. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்... எதில் எத்தனை அடி தண்ணீர், நேற்று எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி போட்டிருப்பார்கள்.

“நீங்க என்ன பி.டபிள்யூ.டி. இன்ஜினீயரா?” என்பாள் என் மனைவி.

இல்லை சார். நந்தனம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் பேரேடு பார்க்கிற ஆள். தண்ணீருக்கும் எனக்கும் உள்ள தொழில்முறைத் தொடர்பு, டேபிளில் வைக்கிற வாட்டர் பாட்டிலோடு சரி. ஆனாலும் செம்பரம்பாக்கம் ஏரி ஒரு தடவை என் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போயிருக்கிறது. நாலு வருஷம் கழித்து, ‘இனிமே உன் வீட்டுப் பக்கமே வரமாட்டேன்’ என்று ஒரேயடியாகக் கோபித்துக்கொண்டும் போயிருக்கிறது. ரெண்டையும் பார்த்தவன் அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் காபி குடிக்க முடியாது.

காத்தோட்டமான வீடு!

2013-ல் ஜாபர்கான்பேட்டையில் வீடு பார்த்தோம். தரைத்தளம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. “ஆத்தோரம் சார்... காத்து பிச்சுக்கிட்டு வரும்” என்றார் புரோக்கர். காத்து வரும் என்று சொன்ன மனுஷர், ஆறும் வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கமிஷனில் ஐந்நூறு ரூபாய் சேர்த்தே கொடுத்திருப்பேன்.

அடையாறு எங்கிருந்து வருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. அது எனக்கு, பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய ஒரு கறுப்பு வாய்க்கால். அவ்வளவுதான்.

2015 நவம்பரில் மழை ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்பதைவிட, நிறுத்த மறந்துவிட்டது என்பதுதான் பொருத்தம். அந்த ஒரு மாதத்தில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. அன்றும் மறுநாள் காலைக்குள்ளுமாகத் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். ஆபீஸில் மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். பஜ்ஜி போடச் சொல்லலாம் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. நாகரிகமாக, பாத்ரூம் ஓட்டை வழியாக வந்தது. வெளியே போகவேண்டிய தண்ணீர் உள்ளே வருகிறதே என்று நான் பழைய துணியை வைத்து அடைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறைக் குழாய்ப் பக்கம் இன்னொரு ஊற்று. பத்து நிமிஷத்தில் கணுக்கால். அப்புறம்தான் வாசல். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாடியில் நாலு பேச்சிலர் பையன்கள் குடியிருந்தார்கள். தினமும் ராத்திரி பாட்டுச் சத்தத்துக்காக நான் சண்டை போடும் அதே பையன்கள். “அங்கிள், ஆன்ட்டியையும் பாப்பாவையும் மேல அனுப்புங்க. பாட்டியை நாங்க தூக்குறோம்!” என்று இறங்கி வந்தார்கள். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேரும் நாலு காலைப் பிடித்துக்கொண்டு, உற்சவர் மாதிரி தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அம்மா அந்த இருட்டிலும் “பார்த்துடா, பார்த்துடா...” என்று அவர்களுக்குத்தான் கவலைப்பட்டாள். ஐந்து வயசுப் பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு நான் கடைசியாக ஏறியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. ஃபிரிட்ஜ் மல்லாக்கப் படுத்து நீச்சலடித்துக்கொண்டிருந்தது.

ரெண்டு ராத்திரி மொட்டைமாடியில். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபிறகு இறங்கிப் பார்த்தால், வீடு முழுக்க முழங்கால் உயரத்துக்குச் சேறு. என் டிகிரி சர்டிபிகேட்டைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். அதெல்லாம் போகட்டும், டூப்ளிகேட் வாங்கிவிடலாம். அப்பாவின் போட்டோ ஒன்றே ஒன்று இருந்தது. ஸ்டூடியோவில் கோட்டு போட்டு எடுத்தது. கண்ணாடியைப் பிரித்துப் பார்த்தேன். கோட்டு இருந்தது. முகம் கரைந்து போயிருந்தது.

அந்த வெள்ளத்தில் உயிரை விட்டவர்கள் நூற்றுக்கணக்கில். அந்தக் கணக்குக்கு முன்னால் என்னுடையது ஒரு நஷ்டமே இல்லை. ஆனால், அம்மா அந்தச் சட்டத்தை இன்னும் தூக்கிப் போடவில்லை.

ஏரி போட்ட பட்டை நாமம்

ஆபீஸில் நண்பர்கள் ரூபாய் போட்டு ஒரு அடுப்பும் ரெண்டு பாயும் வாங்கிக்கொடுத்தார்கள். அதே வீட்டுக்கு வெள்ளையடித்துக் குடிபோனோம். ஏன் மாறவில்லை என்று கேட்பவர்களுக்கு: அட்வான்ஸ் சார், அட்வான்ஸ்! திருப்பிக் கேட்டால் ஓனரம்மாவும் அழுதார். அவர் மோட்டாரும் போயிருந்தது.

2018-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. அடுத்த வருஷம் கோடையில் சென்னை நாக்கைத் தொங்கப்போட்டது. 2019 ஜூன் மாதம் நாலு ஏரியும் ஏறக்குறைய சுத்தம். நகரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 83 கோடி லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், சுமார் 52 கோடிக்கு இறங்கினார்கள். சில கம்ப்யூட்டர் கம்பெனிகள் “வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்” என்றன. வீட்டில் மட்டும் தண்ணீர் கொட்டுகிறதா என்ன? சில ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டையே நிறுத்தினார்கள். நான் காலை ஏழரைக்கே ஆபீஸ் போக ஆரம்பித்தேன். மானேஜர் என் கடமை உணர்ச்சியைப் பாராட்டிப் பேசினார். அவரிடம் எப்படிச் சொல்வது, ஆபீஸ் பாத்ரூமில் எட்டு மணி வரைதான் தண்ணீர் வரும் என்று!

தெருவுக்கு லாரி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்கும் வரும், நடுப்பகலிலும் வரும். நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவதால், வரிசையில் குடத்தை வைத்துவிட்டுக் காவல் உட்காருவது அம்மாவின் வேலையாகிவிட்டது. அதே பிளாஸ்டிக் நாற்காலி. அதே அம்மா. ஒரு நாள் ஆறு குடம் வைத்த இடத்தில் ரெண்டு குடம்தான் ரொம்பியது. நாலு காலிக் குடத்தோடு வந்து உட்கார்ந்த அம்மா, கோபமே இல்லாமல், ஏதோ மறந்துபோன சாமானைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

“அன்னிக்கு வந்துச்சே அவ்ளோ தண்ணி... அதுல ஒரு குடமாவது புடிச்சு வெச்சிருக்கலாம்டா.”

நான் சிரித்தேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. கணக்கன் இல்லையா? பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

54 ஆயிரம் குடம்!

2015 டிசம்பர் 1-ம் தேதி காலையில் கொஞ்சமாகத் திறந்திருந்த செம்பரம்பாக்கத்தில், ராத்திரி விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். கன அடி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடியாக இருக்கிற ஒரு பெட்டி. அதில் 28.3 லிட்டர் பிடிக்கும். 29,000 பெட்டி என்றால் ஒரு விநாடிக்கு எட்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி பார்த்திருப்பீர்கள், அதில் 68 லாரி. ஒரு விநாடிக்கு! அம்மாவின் பிளாஸ்டிக் குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும். விநாடிக்கு 54 ஆயிரம் குடம்.

2019 ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஐம்பது வேகன்களில் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கத்தில் வந்து இறங்கியது. மந்திரிகள் போய் வரவேற்றார்கள். டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. அந்த ரயிலில் இருந்தது சுமார் 25 லட்சம் லிட்டர்.

வகுத்துப் பார்த்தேன். மூன்று விநாடி.

அன்று ராத்திரி ஏரியிலிருந்து மூன்று விநாடியில் ஓடிப்போன தண்ணீரைத்தான், நாலு வருஷம் கழித்து ஒரு முழு ரயில் வைத்துக் கொண்டுவந்தோம். என் வீட்டு ஃபிரிட்ஜைக் கவிழ்த்துவிட்டு, அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் பார்த்துவிட்டு அது கடலுக்குப் போய்விட்டது. அம்மா கேட்டதில் தப்பே இல்லை!

கோபம் கோபமாக வந்தது. யாரையாவது பிடித்து நாலு கேள்வி கேட்டே ஆகவேண்டும். யாரைக் கேட்பது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நேராக ஏரியையே கேட்டுவிடலாம் என்று பைக்கை எடுத்தேன்.

ஏரிக்குள் ஒரு மாடு

போரூர், குன்றத்தூர் வழியாகப் போனேன். குன்றத்தூர் முருகனுக்குக் கீழேயிருந்தே ஒரு கும்பிடு. கொஞ்ச தூரத்தில் கரை.

அதுவரை எனக்கு ஏரி என்றால் கடவுள் தோண்டிவைத்த பள்ளம் என்றுதான் நினைப்பு. இது மனுஷன் செய்த ஏரி. தண்ணீர் சரிந்து ஓடிவரும் பக்கமாகப் பார்த்துக் கிலோமீட்டர் கணக்கில் ஒரு மண் கரையைப் போட்டு மறித்திருக்கிறார்கள். மற்ற பக்கமெல்லாம் மேட்டு நிலம், அதுதான் தண்ணீர் வரும் வழி. தேங்குவதை எடுக்க மதகு, மிஞ்சுவதைத் தள்ளிவிட ஷட்டர் போட்ட கண்கள். ஐந்து கண் மதகு, பத்தொன்பது கண் மதகு என்றே ஊரில் பெயர். முழு ஆழம் 24 அடி. நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி பிடிக்கும். அதாவது மூன்றரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே. லிட்டரில் பத்தாயிரம் கோடியைத் தாண்டும். இந்த ஒரு ஏரி நிரம்பியிருந்தால், ஆவியாகிப் போவதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், மொத்தச் சென்னைக்கும் நாலு மாசம் தாங்கும்.

அன்று அதில் இருந்தது ஒரு மாடு.

நிஜமாகத்தான். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு குட்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் பச்சை. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். மதகுச் சுவரில் அடி அளவு எழுதியிருந்ததைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன். 24 என்ற எண், ரெண்டு மாடிக்கு மேலே இருக்கிற ஜன்னல் மாதிரி எங்கேயோ இருந்தது.

“இன்னா சார், ஏரி பார்க்க வந்தியா? போன தடவை ரொம்பினப்போ வந்திருக்கணும்” என்றார் பெரியவர்.

“ஐயா, போன தடவை அதுவே என்னைப் பார்க்க வந்துது” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். கரை மேல் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய், அவரே டீயும் சொன்னார். இந்த ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பமாம். “இது கழனிக்குன்னு வெட்டுன ஏரி சார். அப்புறம் பட்டணத்துக்குக் குடிக்க வேணும்னாங்க. தாகம்னு கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? பூண்டியிலேருந்து கால்வாய் வெட்டி கிருஷ்ணா தண்ணியும் இங்க வருது. கழனிதான் பாதி பிளாட் ஆயிடுச்சு” என்றார். அவர் சொன்ன கிருஷ்ணா தண்ணீர், 1983-ல் ஒப்பந்தமாகி 1996-ல் பூண்டிக்கு வந்து சேர்ந்த சமாசாரம். 2007-லிருந்து இந்த ஏரிக்குப் பக்கத்திலேயே ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற ஆலையும் ஓடுகிறது. அத்தனை பெரிய ஆலையும் அன்று இந்தக் குட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் என் முதல் கேள்வியை எடுத்தேன். “அவ்ளோ தண்ணியை ஏன் அன்னிக்கு ராத்திரி ஒரே அடியா தொறந்தாங்க?”

பெரியவர் காலால் கரையைத் தட்டினார். “இது இன்னா தெரியுதா?”

“மண்ணு...”

“மண்ணுதான். மழை கொட்டி, வர்ற தண்ணி ஏறிக்கினே இருந்து, கரைமேல வழிஞ்சுதுன்னு வெச்சுக்கோ. கரை அறுத்துக்கும். ஒன் ஊட்டுக்கு வந்தது வெறும் ஷட்டர் தண்ணி சார். கரை ஒடஞ்சு வந்திருந்தா, நீயும் நானும் இங்க டீ குடிச்சிக்கினு இருக்க மாட்டோம். ஏரி ரொம்பி நிக்கிற ராத்திரியில கரைக்குக் கீழ இருக்குற எந்த ஊட்டுலயும் ஒருத்தனும் தூங்க மாட்டான்.”

எனக்கு டீ தொண்டையில் நின்றது. சரி, அடுத்த கேள்வி. “அப்படின்னா முன்னாடியே, கொஞ்சம் கொஞ்சமா தொறந்து விட்டிருக்கலாமே?”

“தெறக்கலாம். அக்டோபர் மாசமே ஏரியில பாதியைத் தெறந்து வுட்டுடலாம். அப்புறம் மழை பெய்யலன்னா?” வெடித்துக் கிடந்த தரையைக் கையால் காட்டினார். “இதுதான். அப்ப நீயே பைக் எடுத்துக்கினு வந்து, ‘ஏன்யா தெறந்தீங்க?’ன்னு கேப்ப.”

கேட்டிருப்பேன் சார். சத்தியமாகக் கேட்டிருப்பேன்.

ரெண்டு பயம், ஒரு பாத்திரம்

திரும்பி வரும் வழியெல்லாம் இதே யோசனை. பட்ஜெட் போடுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். சம்பளம் வந்ததும் பேங்கில் போடவும் வேண்டும், திடீர் செலவுக்குக் கையில் வைத்திருக்கவும் வேண்டும். ஏரி விஷயம் இன்னும் மோசம். கோடையை நினைத்தால் ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தை நினைத்தால் ஏரி காலியாக இருக்க வேண்டும். ரெண்டு பயத்துக்கும் இருப்பது ஒரே பாத்திரம். அடுத்த வாரம் மழை எவ்வளவு என்பதை எவராலும் சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஷட்டரைத் தூக்குவதா வேண்டாமா என்று இன்றே முடிவு செய்தாக வேண்டும்.

2015-ஐப் பற்றி அப்புறம் நடந்த விவாதமே இதற்குச் சாட்சி. ‘முன்னாடியே திறந்திருக்க வேண்டும், தாமதம் செய்துவிட்டார்கள்’ என்றார்கள் பலர். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கையோ, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்று சொன்னது. அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஏரியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது, முழு அளவுக்குத் தேக்கியிருந்தால் அவ்வளவு தண்ணீரை அவ்வளவு நேரம் திறந்திருக்கத் தேவையில்லை என்பது! ஒருத்தர் ‘ஏன் முன்னாடி திறக்கலை?’ என்கிறார். இன்னொருத்தர் ‘ஏன் இவ்வளவு திறந்தீங்க?’ என்கிறார். தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால், அடையாற்றில் அன்று ஓடியது செம்பரம்பாக்கம் தண்ணீர் மட்டுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த தண்ணீரும் அதே ஆற்றில்தான் சேர்ந்தது. ஷட்டரே இல்லாத தண்ணீர். அதை யார் மூடுவது?

இன்னொரு கணக்கும் உண்டு. அதில் பிரதிவாதி நான்தான். மழையைப் பிரித்து வாங்கிக்கொள்ளச் சென்னைக்குள்ளேயே ஏரிகள் இருந்தன. 1920-களில் நீளமான மாம்பலம் ஏரியை வற்றவைத்துத்தான் தி.நகரையே அமைத்தார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் இடித்துக்கொண்டு போவது ஏரிக்கு நடுவில்! நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. என் பழைய வீடும் ஆற்றுக்கு ஒதுக்கவேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கும். பக்கத்தில் இருந்த சின்னச் சின்ன பாத்திரங்களையெல்லாம் உடைத்துவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு பெரிய பாத்திரத்தைப் பார்த்து, ‘நீயே தேக்கணும், நீயே தடுக்கணும்’ என்றால் அது என்ன செய்யும், பாவம்!

இருபத்திரண்டாவது அடி

2020 நவம்பர் 25. நிவர் புயல். டி.வி.யில் கொட்டை எழுத்து ஓடியது: ‘செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு!’

வீட்டில் யாரும் பேசவில்லை. மனைவி சர்டிபிகேட் பையை எடுத்துப் பரணில் வைத்தாள். பெண் தன் ஸ்கூல் பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். பேச்சிலர் பையன்களில் ஒருத்தன் மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, “அங்கிள், ரெடியா இருக்கோம்!” என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் அந்தச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் செய்தியை முழுக்கக் கேட்டேன். 24 அடி நிரம்பும்வரை காத்திருக்கவில்லை. 22 அடியை எட்டியதுமே பகலிலேயே திறந்துவிட்டார்கள். 2015-க்குப் பிறகு அப்படித் திறந்தது அதுதான் முதல் தடவை. ஆரம்பம் ஆயிரம் கன அடி. முன்கூட்டியே எச்சரிக்கை. அப்புறம் படிப்படியாக ஏற்றினார்கள். மேலே ரெண்டு அடியைக் காலியாக, வரப்போகும் மழைக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். ரெண்டு அடிதானே என்று நினைக்காதீர்கள். ஏரி சட்டி மாதிரி, மேலே போகப்போகத்தான் அகலம். அடியில் இருக்கிற ரெண்டு அடியைவிட, வாயருகே இருக்கிற ரெண்டு அடியில் எத்தனையோ மடங்கு பிடிக்கும்.

விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். ஆறு உயர்ந்தது, சத்தம் கேட்டது. பாத்ரூம் ஓட்டையை டார்ச் அடித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே வரவில்லை. விடிந்ததும் அம்மா, “அந்த ஷட்டர்காரன் நல்லா இருக்கணும்” என்றாள். யாரென்றே தெரியாத ஒருத்தருக்கு, மழையில் நனைந்துகொண்டு ராத்திரி முழுக்க ஷட்டர் பக்கத்தில் நின்றிருக்கக்கூடிய யாரோ ஒருத்தருக்கு.

அதற்கு அடுத்த வருஷம்தான் வீடு மாற்றினோம். இப்போது முதல் மாடி. அம்மாவுக்கு லிஃப்ட் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கட்டத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் விடவில்லை.

உங்களுக்கும் ஒரு சின்னக் குறிப்பு. நாளைக்குப் பேப்பரில் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் மூன்று எண்ணைப் பாருங்கள். எத்தனை அடி நிற்கிறது, எத்தனை கன அடி வருகிறது, எத்தனை கன அடி போகிறது. விநாடிக்கு ஒரே ஒரு கன அடி தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால், ஏறக்குறைய 24 லட்சத்து 46 ஆயிரம் லிட்டர். கிட்டத்தட்ட ஒரு ஜோலார்பேட்டை ரயில்! ‘நீர்வரத்து 100 கன அடி’ என்று போட்டிருந்தால், ஒரு நாளைக்கு நூறு ரயில் தண்ணீர் வந்து இறங்குகிறது என்று படியுங்கள். யாரும் மாலை போட்டு வரவேற்காத ரயில்கள். அடைமழைக் காலத்தில் அடி 22-ஐத் தாண்டி, வருவது போவதைவிடக் கூடிக்கொண்டே இருந்தால், ஆற்றோரம் இருப்பவர்கள் சர்டிபிகேட்டையும் போட்டோவையும் பரணில் ஏற்றிவிடுங்கள். அப்புறம் பஜ்ஜி போடலாம்.

என் மனைவி இப்போதெல்லாம் என்னை இன்ஜினீயர் என்று கிண்டல் செய்வதில்லை. காரணம், கேள்வி கேட்கிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டுவிட்டாள். பேப்பர் விழுந்த சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வரும்.

“டேய்... இன்னிக்கு ஏரியில எத்தனை அடி?”

அஞ்சு, ஆறு என்றால் எழுந்துபோய்க் குடத்தையெல்லாம் ஒரு தடவை தட்டிப் பார்ப்பாள். இருபத்துமூன்றரை என்றால் அப்பாவின் சட்டத்தை ஒரு தடவை பார்ப்பாள்.

இருபது, இருபத்திரண்டு என்றால் ஒன்றும் சொல்லமாட்டாள். “சரி, காபியைக் குடு” என்பாள்.